பத்தாவது ஆளுக்கு ஒரு பொன்னாடை

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் சொல்லி நீங்கள் கேட்டால் எண்ணெயின் அளவைக் கூட்டிச் சொல்வார்கள்.

மொன்ட்ரியாலில் பேஸ்போல் மைதானத்துக்குள் குத்துவிளக்கு ஏற்றப் போன அறிவிப்பாளன் நான் ஒருவன்தான். அதுவும் எங்கே? ஓடி வருகிறவன் சறுக்கிக்கொண்டு வந்து தொடவேண்டிய ஹோம் பிளேட்டுக்கு நடுவில். ரொக்ஸ்பரோ மைதானத்தில் எனக்கு அது முதல் வருடம். நகராட்சியின் விளையாட்டுப் பிரிவில் புல் வெட்டிக்கொண்டிருந்தவனை, குரல் நன்றாயிருக்கிறது என்று யாரோ சொல்ல, அந்த மைதானத்துப் பேஸ்போல் கழகத்தின் ஆட்டங்களுக்கு அறிவிப்பாளனாக்கி ஒலிவாங்கிக் கூண்டுக்குள் ஏற்றிவிட்டார்கள். அந்த யாரோ யாரென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் பழியில் பாதியை அவருக்குக் கொடுத்திருப்பேன்.

"பருவத்தின் முதல் ஆட்டம், கொஞ்சம் சிறப்பாகத் தொடக்கி வை" என்றார்கள். எனக்குத் தெரிந்த சிறப்பு ஒன்றுதான். நமது பங்குக் கோயில் கலைவிழாக்களில் பல வருடம் மேடையறிவிப்புச் செய்தவன் நான். மங்கல விளக்கு, வரவேற்புரை, மாலை, பொன்னாடை, வாழ்த்துரை, மறுபடி பொன்னாடை. நம் விழாக்களில் ஒருவரையும் விட முடியாது என்பது உங்களுக்குத் தெரியும். விட்டால் அடுத்த வருடம் வரமாட்டார். வந்தாலும் கதைக்கமாட்டார். ஆகவே அன்றைக்குப் புல் வெட்டுகிறவர், சிற்றுண்டிக் கடைக்காரி, எதிரணி வந்த பஸ்ஸின் சாரதி, முதல்நாள் கழிவறைக் குழாயைத் திருத்தித் தந்தவர் என்று ஒவ்வொருவராக மைதானத்துக்குள் அழைத்துப் போர்த்தினேன். ஆட்டக்காரர் ஒருவருக்கும் இல்லை. பொன்னாடை முடிந்துவிட்டது.

கடைசியாக விளக்கு. ஏப்ரல் மாதத்துக் காற்று. திரி பற்றவேயில்லை. நான்காவது தீக்குச்சியோடு விளக்கே சாய்ந்து, எண்ணெய் முழுவதும் பிளேட்டில் சிந்தியது. அப்போதுதான் அம்பயர் நடந்து வந்தார். மர்செல் என்று பெயர். பெரிய உடம்பு, முகக்கவசம் கக்கத்தில். விளக்கை ஒருமுறை சுற்றி வந்து பார்த்தார். அவர் பிரெஞ்சில் சொன்னதை நான் யாழ்ப்பாணத் தமிழில் தருகிறேன். இந்தக் கதையில் எல்லாப் பிரெஞ்சுக்காரரும் அப்படித்தான் பேசுவார்கள், பொறுத்துக்கொள்ளுங்கள்.

"இது ஆற்றை சாமான்?"

"என்ரை."

"எந்த ரீமுக்கு விளையாடுது?"

"ஒண்டுக்கும் இல்லை."

"அப்ப வெளியாலை" என்று கட்டைவிரலை உயர்த்தி விளக்குக்கு அவுட் கொடுத்தார். அன்றைக்குக் கூட்டம் முதன்முறையாகக் கைதட்டியது அதற்குத்தான். பிறகு அந்தப் பெரிய மனிதர் முழங்காலில் நின்று, தன் துவாயாலேயே எண்ணெயைத் துடைத்தார். துடைத்தும் என்ன, முதலாவதாக ஓடி வந்தவன் பிளேட்டைத் தொட்டுவிட்டு நிற்க முடியாமல் பின்வேலி வரைக்கும் போனான்.

இந்தக் கோடையில் புதிதாகக் கூண்டுகளுக்குள் ஏறப்போகிற தம்பி தங்கச்சிமாரே, உங்களில் இருவர் சென்னையிலிருந்து படிக்க வந்தவர்கள் என்று கேள்விப்பட்டேன். உங்கள் ஊர் விழாக்களும் எங்களுடையதற்கு இளைத்தவை அல்ல. ஆகவே தெளிவாகச் சொல்கிறேன்: மைதானத்துக்குள் விளக்கு வேண்டாம். மற்றபடி இந்த வேலையில் எந்த விசையை எப்போது அழுத்துவது என்பதெல்லாம் ஒரு பின்னேரத்தில் பிடிபட்டுவிடும். பிடிபடாதது, வாயை எப்போது திறப்பது என்பது. அதற்குத்தான் இந்தக் கதை.

விளக்கு விவகாரத்துக்குப் பிறகு எனக்கு ஒரு வீம்பு வந்தது. விளையாடாதவர்களைக் கௌரவிப்பது பைத்தியக்காரத்தனமா என்று தேடிப் படிக்கத் தொடங்கினேன். பார்த்தால் பேஸ்போல்காரர்கள் நம்மைவிட மோசம்! ஒரு அணி, தன் முதலாளிக்கு இருபத்தாறாம் இலக்கச் சட்டையை ஒதுக்கி, இனி அதை ஒருவரும் அணியக்கூடாது என்று வைத்திருக்கிறது. அணியில் இருபத்தைந்து ஆட்டக்காரர், இருபத்தாறாவது ஆள் அவராம். இன்னொரு அணி தன் முதலாளியின் வயதையே இலக்கமாக்கி ஒதுக்கியது. மனுசனுக்கு எண்பத்தைந்து. வேறொரு அணி இரசிகர்களுக்கே ஒரு இலக்கத்தை ஒதுக்கியது. தொடர்ந்து அரங்கு நிறைந்த ஆட்டங்களின் எண்ணிக்கை அது. அம்பயர்மார் புகழ்மண்டபத்தில் இருக்கிறார்கள். ஒரு மைதான அறிவிப்பாளரின் ஒலிவாங்கியைக் கண்ணாடிக்குள் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள் என்று படித்த அன்று, என்னுடைய ஒலிவாங்கியை நான் இரண்டு முறை துடைத்து வைத்தேன். எல்லாவற்றுக்கும் மேலே நம் ஊர்க் கதை. மொன்ட்ரியால் பேஸ்போல் அணியின் சின்னமாக, உடம்பெல்லாம் செம்மஞ்சள் சடையோடு ஆடித் திரிந்த அந்தப் பொம்மை, அணி ஊரைவிட்டுப் போனதும் ஹொக்கிக்கு வேலை மாறிப்போனது. போயும் பேஸ்போல் புகழ்மண்டபம் ஒன்றில் அதற்கு இடம் கிடைத்தது. ஒரு பந்தைக்கூட அடிக்காத பொம்மை! கழிவறைக் குழாய்க்காரருக்கு நான் போர்த்தியதில் என்ன பிழை?

இந்தத் துணுக்குகள் மழைக்கு உதவின. மழை வந்தால் ஆட்டம் நிற்கும், கூட்டம் முணுமுணுக்கும், அறிவிப்பாளன் எதையாவது செய்ய வேண்டும். எனக்கு முன் அந்தக் கூண்டில் இருந்தவள் என்னைவிட இளையவள். சிறுவர் காப்பகம் ஒன்றில், அதுதான் கார்டரியில், முழுநேர வேலை கிடைத்து விலகிப் போனாள். போகும்போது ஒரேயொரு வித்தை சொல்லித் தந்தாள்.

"ஒரு பிள்ளை கத்தி அழுதால் நான் 'அழாதே' எண்டு சொல்லுறேல்லை" என்றாள். "உன்ரை சொக்ஸ் என்ன நிறம் எண்டு கேப்பன். குனிஞ்சு பாக்கும். பாத்தால் பதில் சொல்ல வேணும். பதில் சொல்லேக்கை அழேலாது."

"இவையள் வளந்த ஆக்கள் எல்லே?"

"சொக்ஸ் பெரிசு. அவ்வளவுதான் வித்தியாசம்."

ஆகவே மழை வந்தால் நான் கேள்வி கேட்டேன். பரிசு, என் தங்கை பிலோமினா பொரித்துக் கொண்டுவரும் மட்டன் ரோல்ஸ். முதலில் சந்தேகத்தோடு மணந்து பார்த்த கியூபெக்காரர் பிறகு வானத்தைப் பார்த்து மழைக்கு நேர்ந்துகொள்ளத் தொடங்கினார்கள். பக்கத்துத் தீவான இல்-பிசாரிலிருந்து ஒருவர் ஆட்டம் பார்க்க அல்ல, கேள்விக்கு மட்டுமே வந்துபோனார் என்று நான் சந்தேகப்படுகிறேன்.

இனி அந்த இறுதியாட்டம்.

மர்செல் பல வருடம் அந்த மைதானத்தில் அம்பயர். அந்தக் கோடையோடு நிறுத்துவதென்று முடிவெடுத்திருந்தார். முழங்கால் இனிக் கேட்காதாம். தூரத்தில், காஸ்பேயில் இருக்கும் மகளோடு போய் இருக்கப்போகிறார். இறுதியாட்டம் முடிந்த கையோடு அவரைக் கூட்டிப்போக மகள் காரில் வந்திருந்தாள். கழகத் தலைவி சில்வி எனக்குப் போன் எடுத்தாள். அவளுக்கு நான் செப்.

"செப், எங்கடை வேலியிலை ஆட்டக்காரற்றை இலக்கங்கள்தானே தொங்குது. மர்செலுக்கும் ஒண்டு தொங்கவிட யோசிக்கிறம். ஆனால் அவருக்கு இலக்கமே இல்லையே. நீதானே இதிலை பண்டிதன், என்ன செய்யலாம்?"

எனக்கு அப்போது வந்த மகிழ்ச்சி! "களத்திலை நிக்கிறது ஒன்பது பேர்" என்றேன். "பத்தாவது ஆள் அவர்தான். பத்து."

பத்தாம் இலக்கப் பலகை தயாரானது. பொன்னாடை என் செலவு. மாலை பிலோ கட்டினாள், அவளுடைய வீட்டுத் தோட்டத்துச் செவ்வந்தியில். ஆட்டம் முடிந்ததும் விழா. உரை நான் எழுதினேன். அதுதான் வினை. நான் எழுதினால் பகிடி இல்லாமல் எழுத வராது; அம்பயர் ஒருவரைப் பற்றி வேறு என்ன பகிடி இருக்கிறது? கண். முழு உரையும் மர்செலின் கண்ணைப் பற்றித்தான். "இல்-பிசார் பாலத்தில் நிற்கிறவருக்குத் தெரிகிற பந்து மர்செலுக்கு ஒரு முழத்தில் தெரியாது." "கண்ணாடி துடைக்க ஒரு துணி வாங்கிக் கொடுத்தேன், அவர் அதால் பிளேட்டைத் துடைத்தார்." இப்படி ஒன்றன்பின் ஒன்றாக. தனியே வாசித்துத் தனியே சிரித்தேன்.

கடைசிப் பகுதி ஆட்டம். எங்கள் அணி ஒரு ஓட்டம் பின்னால். மூன்றாவது தளத்தில் நிற்பவன் அனோஜன், பிலோவின் மகன், என் மருமகன். இரண்டு பேர் ஏற்கெனவே அவுட். அனோஜன் பிளேட்டைத் தொட்டால் சமநிலை. தொடுமுன் பந்து அவனைத் தொட்டால் எல்லாம் முடிந்தது. அடித்த பந்து மெதுவாக உருண்டது. அனோஜன் ஓடினான். பந்து வந்தது, அவனும் வந்தான், இரண்டும் தூசிக்குள் மறைந்தன. தூசி அடங்குமுன் மர்செலின் கட்டைவிரல் மேலே.

அறிவிப்பாளனுக்குக் கண் கிடையாது, தம்பிமாரே. அம்பயரின் கைதான் அவன் கண். அங்கே கூண்டில் நின்ற எனக்கு, பெடியன் தொட்டுவிட்டான் என்றுதான் பட்டது. இருந்தும் ஒலிவாங்கியை அழுத்தி, "அவுட். ஆட்டம் முடிந்தது" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

கூட்டம் எழுந்து நின்று ஊவென்று கத்தியது. கோப்பிக் கோப்பைகள் வேலிக்குள்ளே விழுந்தன. "குருடன்!" என்று யாரோ கத்த, அதையே எல்லோரும் தாளத்தோடு பிடித்துக்கொண்டார்கள். என் கையில் இருந்த உரையைப் பார்த்தேன். முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை கண், கண்ணாடி, கண், பார்வை. எழுதும்போது சிரித்த ஒவ்வொரு பகிடியும் இப்போது கத்தி. மடித்துக் காற்சட்டைப் பைக்குள் ஆழமாகத் திணித்தேன்.

அனோஜன் எழுந்து தூசியைத் தட்டிக்கொண்டு, ஒரு சொல் பேசாமல் தன் அணியின் வாங்கில் போய்க் குந்திவிட்டான். நியாயம் கிடைக்கும்வரை வாதாடுகிற பிறவி அவன். அதிர்ச்சியில் பேச்சு நின்றுவிட்டது என்று நினைத்தேன்.

சில்வி மூச்சு வாங்க ஏணியில் ஏறி வந்தாள். "செப், இண்டைக்கு வேண்டாம். இந்தச் சனத்துக்கு முன்னாலை அவரைக் கூப்பிட்டால் ஊவெண்டுதான் கத்துங்கள். பலகையைப் பிறகு தபாலிலை அனுப்புவம்."

"தபாலிலையோ?"

"வேறை என்ன செய்யிறது? அந்தாளைக் காப்பாத்தத்தான் சொல்லுறன்."

அவள் சொன்னதில் பிழையில்லை. அவளுக்குப் பின்னாலேயே ஏணியில் ஏறி வந்தது பிலோ. முகம் சிவந்திருந்தது.

"அண்ணை, மாலையைத் தாங்கோ."

"எந்த மாலை?"

"என்ன எந்த மாலை? விடியக்காலமை எழும்பி நான் கட்டின மாலை. என்ரை பிள்ளை தொட்டவன். இந்தக் கண்ணாலை பாத்தனான். அந்தாளுக்கு என்ரை பூவோ?"

"பிலோ, அது அவருக்கெண்டு கட்டினது எல்லே..."

"கட்டினது நான். ஆருக்குப் போடுறதெண்டு நான் யோசிக்கிறன். நீங்கள் அந்தாளுக்குப் பொன்னாடை போர்த்தினியளோ, நான் இனி உங்கடை வாசல் மிதிக்கமாட்டன்."

மாலையைப் பறித்துக்கொண்டு இறங்கினாள். சில்விக்குத் தமிழ் தெரியாது. ஆனால் மாலை போகிறது என்பது எந்த மொழியிலும் விளங்கும். "பாத்தியே?" என்றாள்.

கண்ணாடி வழியே கீழே பார்த்தேன். மர்செல் பிளேட்டுக்குப் பக்கத்தில் குனிந்து காற்கவசத்தின் வாரைக் கழற்றிக்கொண்டிருந்தார். ஒன்றைக் கழற்ற எவ்வளவு நேரம் எடுக்குமோ அதைவிட நிறைய நேரம் எடுத்தார். நிமிர்ந்தால் கூட்டத்தைப் பார்க்க வேண்டும். இரண்டாம் வரிசையில் அவர் மகள். விழாவைப் படமெடுக்கப் போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டிருந்தவள், அதை மெல்ல மடியில் வைத்தாள். அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்ல அடுத்த வருடம் இல்லை. இந்த மனிதர் இந்த மைதானத்தைப் பற்றிக் கடைசியாக வைத்திருக்கப்போவது இந்தச் சத்தத்தை. தபாலில் வருகிற பலகையை எந்தச் சுவரில் மாட்டுவார்? நானாயிருந்தால் கட்டிலுக்கு அடியில் வைப்பேன்.

எனக்கு மூன்று வழி இருந்தது. பேசாமல் விடுவது. "அமைதியாயிருங்கள்" என்று அதட்டுவது. பகிடி விடுவது. மூன்றாவதற்கு என் நாக்கு தானாகவே துடித்தது. அது வாழ்நாள் வியாதி. அப்போதுதான் அந்தக் கார்டரிக்காரியின் சொக்ஸ் நினைவுக்கு வந்தது.

ஒலிவாங்கியை அழுத்தினேன். "ஒரு கேள்வி. பரிசு வழக்கம்போல ரோல்ஸ்."

"ரோல்ஸ் இல்லை!" என்று ஏணியடியில் இருந்து பிலோ தமிழில் கத்தினாள். தமிழ்க் குடும்பங்கள் இருந்த பக்கம் சிரிப்பு எழுந்தது. என்ன, என்ன என்று மற்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அந்த ஒரு வினாடிக்கு ஊ தளர்ந்தது. தங்கை எனக்குச் செய்த உதவி அது. அவளுக்குத் தெரியாமல் செய்தாள்.

"ஒரு நாளும் பந்தடிக்கும் துடுப்பைத் தொடாமல் பேஸ்போல் புகழ்மண்டபத்துக்குள் போனவர். உடம்பெல்லாம் செம்மஞ்சள் சடை. நம் ஊர்க்காரர். யார்?"

கோபத்தில் இருக்கிற மொன்ட்ரியால்காரர் எந்தக் கேள்விக்கும் பதில் சொல்லாமல் இருப்பார், இந்தக் கேள்வியைத் தவிர. குருடன் என்று கத்திய அதே வாய்கள் அந்தப் பொம்மையின் பெயரைக் கத்தின. கத்திவிட்டுச் சிரித்தன.

"முதலாளிக்கு ஒதுக்கிய இலக்கம்?"

"இருபத்தாறு!" இல்-பிசார்க்காரர். நம்பிக்கையான மனிதர்.

"ஏன் இருபத்தாறு?"

"இருபத்தைந்து பேர் அணியிலை! அவர் இருபத்தாறாவது!"

"சரி. கடைசிக் கேள்வி. களத்தில் நிற்பது ஒன்பது பேர். இன்று இந்த வேலியில் பத்தாம் இலக்கம் ஏறப்போகிறது. அது யாருக்கு?"

சொல்லிவிட்டு விரலை விசையிலிருந்து எடுத்தேன். எல்லோருக்கும் பதில் தெரியும்; அதுதான் பிரச்சினை. மூலையில் ஒரு ஊ மெல்லத் தொடங்கியது. மர்செல் வாரையே பார்த்துக்கொண்டு நின்றார். சில்வி என் தோளைப் பிடித்து, "செப், ஏதாவது சொல்லு" என்றாள். சொல்ல வாய் முழுக்க இருந்தது எனக்கு. ஆனால் கேள்வி கேட்டவன் தானே பதிலும் சொன்னால் அது கேள்வி இல்லை, பிரசங்கம். பதில் வராவிட்டால் என்ன செய்வதென்று அந்தக் கார்டரிக்காரி சொல்லித் தரவில்லை. பற்களைக் கடித்துக்கொண்டு நின்றேன். என் வாழ்க்கையில் நான் வாயை மூடியிருந்த மிக நீண்ட நேரம் அது. என் மனைவியைக் கேட்டாலும் அதையே சொல்லுவாள்.

"மர்செல்!"

வாங்குப் பக்கமிருந்து. அனோஜன். நெஞ்சிலிருந்து முழங்கால்வரை செம்மண். வாங்கைவிட்டு எழுந்து வேலிக்கு வந்தான். வேலிக்கு அந்தப்பக்கம், மாலையோடு நின்ற தாயிடம் கையை நீட்டினான்.

"அம்மா, மாலையைத் தாங்கோ."

"என்னடா சொல்லுறாய்?"

"தாங்கோ அம்மா. எல்லாரும் பாக்கினம்."

உண்மைதான், எல்லோரும் பார்த்தார்கள். பிலோ மகனைப் பார்த்தாள், மர்செலைப் பார்த்தாள், என்னை நோக்கி மேலே ஒரு பார்வை எறிந்தாள். அது இன்னமும் என் தோளில் எங்கோ குத்திக்கொண்டிருக்கிறது. பிறகு மாலையை வேலிக்கு மேலால் கொடுத்தாள்.

அனோஜன் நடந்துபோய், நெஞ்சுக் கவசத்தைக்கூடக் கழற்றாமல் நின்ற அந்தப் பெரிய உடம்புக்கு மாலையைப் போட்டான். நான் கூண்டிலிருந்து பொன்னாடையைச் சுருட்டி எறிய, அவன் பிடித்து, அதையும் போர்த்தினான். முகக்கவசம் ஒரு கையில், செவ்வந்தி கழுத்தில், சரிகைப் பொன்னாடை தோளில். பேஸ்போல் வரலாற்றில் இப்படி ஒரு அம்பயரை ஒருவரும் கண்டிருக்கமாட்டார்கள். முதலில் எதிரணிக்காரர் கைதட்டினார்கள். அவர்களுக்கென்ன, வென்றவர்கள். பிறகு எங்கள் வாங்கு. பிறகு, கொஞ்சம் வெட்கத்தோடு, மற்றவர்கள். கடைசியில் எல்லோரும் எழுந்து நின்றார்கள். மகள் போனை மறுபடி உயர்த்தினாள். மர்செல் அனோஜனின் காதுக்குள் ஏதோ சொன்னார். இருவரும் சிரித்தார்கள். என்னவென்று எனக்குக் கேட்கவில்லை.

அங்கேயே நான் நிறுத்தியிருக்க வேண்டும். வாயை மூடியிருந்ததால் ஒரு மனிதரைக் காப்பாற்றினேன் என்ற பெருமிதத்தில் வாயைத் திறந்துவிட்டேன். நான் செய்வதை நீங்கள் செய்யாதீர்கள் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். "பாருங்கள் இந்த இளைஞனை!" என்று தொடங்கினேன். "தன் கண்ணால் கண்டதைவிட நடுவரின் சொல்லைப் பெரிதென்று மதித்த வீரன்! தனக்கு நேர்ந்ததை நெஞ்சுக்குள் புதைத்துவிட்டு..." மேடையறிவிப்பாளனின் பழைய இயந்திரம் சூடாகிவிட்டால் நிற்காது. தியாகம், பெருந்தன்மை, தமிழ்ப் பண்பாடு, எல்லாவற்றையும் பிரெஞ்சில் கொட்டினேன். அனோஜன் தன் சப்பாத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். அடக்கம் என்று அதையும் ஒலிவாங்கியில் சொன்னேன். ஒருவழியாகச் சில்வி மின்கம்பியைப் பிடுங்கினாள்.

கீழே பிலோவுக்குக் கண்ணீர். என் பேச்சு அவளை உருக்கிவிட்டது. "என்ரை பிள்ளை!" என்று பக்கத்தில் நின்றவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். "அநியாயம் செய்த மனுசனுக்கும் மாலை போட்டவன்!" ரோல்ஸ் பெட்டியைத் திறந்து முதலாவதை மர்செலுக்கே கொடுத்தாள். அவர் பொன்னாடையில் எண்ணெய் படாமல் அதை ஒரு கையால் பிடித்துக்கொண்டு சாப்பிட்டார். பத்தாம் இலக்கம் வேலியில் ஏறியது. மகளின் கார் புறப்படும்போதும் மாலையை அவர் கழற்றவில்லை.

பிறகு நாங்கள் மூவரும் என் காரில் வீட்டுக்குப் போனோம். நான் ஓட்டினேன். அனோஜன் என் பக்கத்தில், பிலோ பின்னால். மைதானத்தை விட்டு வெளிக்கிட்டதிலிருந்து அவள் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. பங்கிலுள்ள ஒரு வீடு மிச்சமில்லை. "ஓமோம், தொட்டவன்தான், நான் பாத்தனான். சத்தியமாய்த் தொட்டவன். ஆனால் பிள்ளை ஒரு சொல்லுச் சொல்லேல்லை, அக்கா. மாலை போட்டவன். ஓம், அவன் அப்பிடித்தான், சின்னனிலையிருந்து." ஒருத்தியை வைத்துவிட்டு அடுத்தவளுக்கு எடுத்தாள். ஒவ்வொரு வீட்டிலும் அனோஜன் பிளேட்டை இன்னும் கொஞ்சம் முன்னதாகத் தொட்டான்.

சிவப்பு விளக்கில் கார் நின்றது. எனக்கோ அரிப்பு. ஒலிவாங்கி கையில் இருக்கும்போதுதான் அறிவிப்பாளனுக்குக் கண் இல்லை, காரில் உண்டு. வாதாடப் பிறந்தவன் வாதாடாமல் எழுந்துபோனது ஏன்? மர்செல் காதுக்குள் சொன்னதென்ன? என் பெரிய பேச்சுக்கு அவன் ஏன் சப்பாத்தைப் பார்த்தான்? மெல்ல அவன் பக்கம் சாய்ந்தேன்.

"டேய், இப்ப எனக்கு மட்டும் உண்மையைச் சொல்லு. நீ தொட்டனியோ, இல்லையோ?"

அனோஜன் கண்ணாடியில் பின்னால் ஒருமுறை பார்த்தான்.

"அம்மா இருக்கிறா, மாமா."